ஒரு வாக்கில் தப்பிய அரசும் நூறு டொலரும்: கனடாவில் பிள்ளை பராமரிப்புப் பணம் பறிபோனதும் திரும்பி வந்ததும்

2014 தை மாதம் அம்மாவைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். கிளிநொச்சியில் இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு நாங்கள் குடிபுகுந்து அப்போது எட்டு மாதம். வீட்டுச் சாவியை என்னிடமும் கோழிகளைப் பக்கத்து வீட்டு மாமியிடமும் ஒப்படைத்துவிட்டு, ஸ்காபுறோவில் அக்காவின் பிள்ளையைப் பார்ப்பதற்காக அம்மா புறப்பட்டார். அக்காவின் பிரசவ விடுமுறை முடிகிறது. பிள்ளையை டேகெயாரில் விட்டால் சம்பளத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். அத்தானுக்கு இரவு வேலை. ஆகவே அம்மாவுக்கு சுப்பர் விசா.

இந்த விசாவைப் பற்றி வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2011 டிசெம்பரில் அறிமுகமானது. பெற்றோரும் பேரன் பேத்தியும் ஒரு தடவையில் இரண்டு வருடங்கள் வரை தங்கலாம் என்றிருந்தது. 2022 இலிருந்து ஐந்து வருடங்கள். குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும். படிவத்தில் அது குடும்ப ஒன்றுகூடல். எங்கள் ஊர்களில் "பிள்ளை பாக்கப் போறா" என்றுதான் சொல்வார்கள், அதுதான் சரியான விவரணமும்கூட.

அம்மா அங்கே இருபத்திரண்டு மாதங்கள் இருந்தார். அந்தக் காலத்தில் அண்ணாவைப் பற்றிய பதிவுகளுக்கும் விசாரணைகளுக்கும் அம்மாவுக்குப் பதிலாக நான்தான் போனேன். "தாய் வரவில்லையா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். கனடாவில் பேரப்பிள்ளை பார்க்கிறார் என்று சொன்னால், காணாமல் போன மகன் அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று எழுதிக்கொள்வார்களோ என்ற பயத்தில் "சுகமில்லை" என்று சொல்லி வந்தேன்.

உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றில் இரண்டு பேர் வேலை செய்யும் ஒரு வீட்டுக்கு, பிள்ளை பார்க்கக் கிளிநொச்சியிலிருந்து ஏன் ஆள் வரவேண்டியிருந்தது? ஊடகக் கற்கை படிக்கும்போது ஒரு ஒப்படைக்காக இந்தக் கேள்வியைத் தேடத் தொடங்கினேன். தேடல் என்னை 2005 ஆம் ஆண்டு ஒட்டாவா நாடாளுமன்றத்தில் நடந்த ஒரு வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது.

சிறுபான்மை அரசு என்றால்

"சிறுபான்மை" என்றதும் எங்களுக்கு வேறு பொருள்தான் முதலில் தோன்றும். இங்கே சொல்வது இனத்தை அல்ல, ஆசனக் கணக்கை. கனடாவில் தேர்தலில் அதிக ஆசனம் பெற்ற கட்சி, பாதிக்கு மேல் பெறாவிட்டாலும் தனியாக ஆட்சி அமைப்பது வழமை. கூட்டமைச்சரவை அங்கே வழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு முக்கிய வாக்கெடுப்புக்கும் வெளியில் இருக்கும் ஏதாவதொரு கட்சியின் ஆதரவைத் தேடவேண்டும். வரவு செலவுத் திட்டம் தோற்றால் அரசு நம்பிக்கையை இழந்ததாகவே கருதப்படும். அநேகமாக அடுத்தது தேர்தல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை பராமரிப்பு கனடாவில் மாகாணங்களின் அதிகாரத்துக்குட்பட்டது. எங்கள் மாகாண சபைகளை மனதில் வைத்து இதை வாசிக்கக்கூடாது; அங்கே மாகாணம் என்றால் உண்மையிலேயே மாகாணம். ஒட்டாவா தானாகப் போய் ஒன்ராறியோவில் ஒரு டேகெயார் திறக்க முடியாது. பணத்தைக் கொடுத்து, ஒவ்வொரு மாகாணத்துடனும் ஒப்பந்தம் எழுதி, அதன் வழியாகவே செய்விக்க முடியும். ஆகவே இந்தத் திட்டத்தின் உயிர் அந்த ஒப்பந்தங்களில் இருக்கிறது. அவற்றில் யார் எப்போது விலகலாம் என்று எழுதியிருக்கிறதோ அதில் இருக்கிறது.

தேசிய மட்டத்தில் பிள்ளை பராமரிப்பு வேண்டும் என்று பெண்களின் நிலை பற்றிய அரச ஆணைக்குழு 1970 இலேயே பரிந்துரைத்தது. 1988 இல் மல்ரோனி அரசு கொண்டுவந்த சட்டமூலம், தேர்தல் அறிவிக்கப்பட்டதும் கிடப்பில் செத்தது. 1993 இல் லிபரல் கட்சி ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் புதிய இடங்கள் வரை உருவாக்குவதாகத் தேர்தல் வாக்குறுதி தந்து, பெரும்பான்மையுடன் வென்றது. தொடர்ந்து மூன்று தேர்தல்களில் பெரும்பான்மை. பதினொரு வருடங்கள். அந்த இடங்கள் வரவில்லை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நிதியமைச்சராக இருந்து செலவுகளை வெட்டியவர் போல் மார்ட்டின்.

கியூபெக் மட்டும் காத்திருக்கவில்லை. 1997 இல் ஒரு நாளைக்கு ஐந்து டொலர் என்ற கட்டணத்தில் தன் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாட்களில் கனடாவின் மற்ற இடங்களிலிருந்த தாய்மார் எல்லோரும் சுட்டிக்காட்டிய உதாரணம் அது.

ஒரு வாக்கு

2004 ஜூன் தேர்தலில் அதே போல் மார்ட்டின் பிரதமராக இருந்து பெரும்பான்மையை இழந்தார். 308 ஆசனங்களில் லிபரலுக்கு 135. கொன்சர்வேட்டிவ் 99, புளொக் கியூபெக்குவா 54, புதிய ஜனநாயகக் கட்சி 19, சுயேச்சை ஒருவர். பெரும்பான்மைக்கு 155 வேண்டும். லிபரலையும் புதிய ஜனநாயகக் கட்சியையும் கூட்டினால் 154. இதைவிடச் சங்கடமான கணக்கு வேறு இருக்க முடியாது.

பெரும்பான்மை இருந்த காலத்தில் செய்யாததை மார்ட்டின் இப்போது செய்யத் தொடங்கினார். 2005 பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் பிள்ளை பராமரிப்புக்கு ஐந்து வருடங்களில் 5 பில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. பொறுப்பான அமைச்சர் கென் டிறைடன். மொன்றியல் ஐஸ் ஹொக்கி அணியின் புகழ்பெற்ற கோல் காப்பாளராக இருந்தவர். அவர் மாகாணம் மாகாணமாகப் போய் ஒப்பந்தம் பேசினார்.

அதே நேரத்தில் அரசின் காலடியில் மண் சரிந்துகொண்டிருந்தது. கியூபெக்கில் அரச விளம்பரப் பணம் லிபரல் கட்சிக்கு நெருக்கமான நிறுவனங்களுக்குப் போன ஊழலை நீதிபதி ஜோன் கோமரி விசாரித்துக்கொண்டிருந்தார். ஏப்ரலில் வெளிவந்த சாட்சியங்களோடு எதிர்க்கட்சிகள் அரசைக் கவிழ்க்கத் தயாராயின. புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜக் லேட்டன் தன் 19 ஆசனங்களுக்கு விலை பேசினார். பெரிய நிறுவனங்களுக்கான வரிக்குறைப்பைத் தள்ளிவைக்க வேண்டும். வீடமைப்பு, உயர்கல்வி, சுற்றுச்சூழல், வெளிநாட்டு உதவி ஆகியவற்றுக்கு 4.6 பில்லியன் டொலர் ஒதுக்க வேண்டும். மார்ட்டின் ஒத்துக்கொண்டார். அது தனிச் சட்டமூலமாக வந்தது.

மே 19 ஆம் திகதி வாக்கெடுப்பு. அதற்கு இரண்டு நாட்கள் முன்னர் பெலிண்டா ஸ்றோனக் என்ற கொன்சர்வேட்டிவ் உறுப்பினர் கட்சி தாவி வந்து அமைச்சரானார். (தாவுவது எங்கள் ஆட்களுக்கு மட்டும் உரிய கலை என்று நினைக்கவேண்டாம்.) முதலில் பிரதான வரவு செலவுத் திட்டச் சட்டமூலம் 250க்கு 54 என்று இலகுவாக நிறைவேறியது, கொன்சர்வேட்டிவ் கட்சியே ஆதரித்தது. பிறகு லேட்டனின் சட்டமூலம். 152க்கு 152. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த சுயேச்சை உறுப்பினர் சக் கட்மன், பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்து அரசுக்கு ஆதரவாக எழுந்து நின்றதால்தான் அந்தச் சமன். இரண்டு மாதங்களுக்குள் அவர் இறந்துபோனார். சபாநாயகர் பீற்றர் மில்லிகன், விவாதம் தொடரவேண்டும் என்ற மரபைக் காரணம் காட்டி அரசின் பக்கம் வாக்களித்தார். நம்பிக்கை சார்ந்த வாக்கெடுப்பொன்றில் கனடிய சபாநாயகர் ஒருவர் சமநிலையை உடைத்தது அதுவே முதல் தடவை.

அந்த ஒரு வாக்கு அரசுக்கு ஆறு மாத ஆயுள் கொடுத்தது. அந்த ஆறு மாதத்தில் டிறைடன் மிச்ச மாகாணங்களையும் பிடித்து முடித்தார். நவம்பர் பிற்பகுதியில் பத்து மாகாணங்களும் கையெழுத்திட்டிருந்தன. ஆனால் பெரும்பாலானவை கொள்கையளவிலான உடன்பாடுகள். ஒரு சிலவே முழுமையான நிதி ஒப்பந்தமாக மாறியிருந்தன. ஒரு வருட முன்னறிவித்தலுடன் விலகிக்கொள்ளலாம் என்பதும் அந்த ஏற்பாட்டில் இருந்தது.

நவம்பர் 28 அன்று, இம்முறை லேட்டனும் சேர்ந்து வாக்களிக்க, 171க்கு 133 என்று அரசு கவிழ்ந்தது.

நூறு டொலர்

ஸ்ரீபன் ஹார்ப்பரின் தேர்தல் வாக்குறுதி எளிமையானது. ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் நூறு டொலர் பெற்றோரின் கையில். அரசாங்கம் டேகெயார் நடத்தவேண்டாம், பெற்றோரே முடிவெடுக்கட்டும். மார்ட்டினின் ஊடகப் பொறுப்பாளர் ஒருவர் தொலைக்காட்சியில், அந்தக் காசைப் பெற்றோர் பியருக்கும் பொப்கோனுக்கும் செலவழிப்பார்கள் என்ற தொனியில் பேசினார். ஒரு நல்ல திட்டத்தை ஒரே வசனத்தில் எப்படி அழிக்கலாம் என்று ஊடக மாணவர்களுக்குப் படிப்பிக்க இதைவிட உதாரணம் தேவையில்லை.

2006 ஜனவரியில் ஹார்ப்பர் 124 ஆசனங்களுடன் வென்றார். அதுவும் சிறுபான்மை அரசுதான். எங்கள் வாசகர்களுக்கு இந்த அரசு வேறு காரணத்துக்காக ஞாபகமிருக்கும்: அதே ஏப்ரலில் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது அதுதான். ஆனால் அதற்கு முன்பே, பதவியேற்ற முதல் நாளான பெப்ரவரி 6 அன்று, பிள்ளை பராமரிப்பு ஒப்பந்தங்களிலிருந்து விலகும் முடிவை அறிவித்துவிட்டது. ஒரு வருட முன்னறிவித்தல், 2007 மார்ச் 31 உடன் பணம் நின்றது. நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தை நீக்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. கடிதம் போதுமாக இருந்தது.

லேட்டனால்தான் திட்டம் அழிந்தது என்று லிபரல் கட்சியினர் பல வருடங்கள் சொல்லி வந்தார்கள். பன்னிரண்டு வருடம் ஆட்சியிலிருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் செய்ததற்கு எங்களைக் குற்றம் சொல்லாதீர்கள் என்பது மற்றப் பக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் என் பார்வையில் முக்கியமான பிழை வேறிடத்தில். 2005 இல் எந்தத் தாயின் கட்டணச் சீட்டிலும் தொகை பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. மாகாணங்களின் கஜானாவுக்குப் போகவிருந்த பணம் அது. இன்னும் தன் கைக்கு வராத ஒன்றைப் பறித்தபோது வாக்காளருக்கு வலிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் நூறு டொலர் காசோலையாகவே வந்தது.

நூறு டொலரை நான் கேலி செய்யவில்லை. அக்காவுக்கும் அது வந்தது. "சும்மா சொல்லக்கூடாது, மாசம் மாசம் ஒழுங்கா வந்தது" என்றார் அவர். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அம்மாட இன்சூரன்சுக்குத்தான் போட்டனான்."

பிள்ளை பராமரிப்புக்காக அரசு கொடுத்த காசு, எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, கிளிநொச்சியிலிருந்து போன ஒரு மூதாட்டியின் காப்புறுதிக் கட்டணமாக மாறியது. அவருக்குச் சம்பளம் யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை

பதினைந்து வருடங்கள் போயின. 2020 இல் ரொறன்ரோவில் கைக்குழந்தை ஒன்றைப் பராமரிப்பு நிலையத்தில் விட மாதம் 1,800 டொலருக்கு மேல் ஆனது. மொன்றியலில் 181 டொலர். ஒரே நாடு.

கொரோனா வந்து பாடசாலைகளையும் டேகெயார்களையும் மூடியபோது வேலையை விட்டு வீட்டில் நின்றவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். கனடாவின் முதல் பெண் நிதியமைச்சரான கிறிஸ்ரியா ஃபிறீலண்ட் 2021 ஏப்ரல் 19 அன்று சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் ஐந்து வருடங்களுக்கு 30 பில்லியன் டொலர் வரை அறிவித்தார். 2022 முடிவுக்குள் கட்டணம் சராசரியாகப் பாதியாகும். 2026 க்குள் நாளொன்றுக்குப் பத்து டொலர். ட்ரூடோவின் அரசும் அப்போது சிறுபான்மை அரசு. புதிய ஜனநாயகக் கட்சியின் ஆதரவுடன் அந்த வரவு செலவுத் திட்டம் தப்பியது.

இம்முறை இரண்டு விடயங்கள் மாறியிருந்தன. முதலாவது, திட்டம் பெற்றோர் கட்டும் தொகையிலேயே கை வைத்தது. ஜூலையில் பிரிட்டிஷ் கொலம்பியா முதலில் கையெழுத்திட்டது. ஓகஸ்டில் ட்ரூடோ தேர்தலை அறிவிப்பதற்குள் பாதிக்கு மேற்பட்ட மாகாணங்கள் உள்ளே வந்துவிட்டன. கொன்சர்வேட்டிவ் தலைவர் எரின் ஓ'ரூல், ஒப்பந்தங்களைக் கைவிட்டு வரிச்சலுகை தருவேன் என்று 2006 இன் பாதையிலேயே போனார். வெல்லவில்லை. லிபரல் 160 ஆசனங்களுடன் மறுபடியும் சிறுபான்மையாக வந்தது. பிறகு அல்பேர்ட்டாவில் ஜேசன் கெனியின் அரசும், கடைசியாக 2022 மார்ச் 28 அன்று ஒன்ராறியோவில் டக் ஃபோர்ட்டின் அரசும் கையெழுத்திட்டன. இரண்டுமே கொன்சர்வேட்டிவ் மாகாண அரசுகள். ஃபோர்ட்டுக்குத் தேர்தல் இரண்டு மாதத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

இரண்டாவது மாற்றம் எழுத்து. ஒன்ராறியோ கையெழுத்திடுவதற்கு ஆறு நாட்கள் முன்னர், லிபரலும் ஜக்மீத் சிங்கின் புதிய ஜனநாயகக் கட்சியும் ஓர் உடன்பாட்டை வெளியிட்டன. நம்பிக்கை வாக்கெடுப்புகளில் 25 ஆசனங்களின் ஆதரவு. பதிலுக்குப் பல் மருத்துவக் காப்பு, மருந்துக் காப்பு முதலியவற்றோடு பிள்ளை பராமரிப்புக்கு ஒரு தனிச் சட்டம். யாரும் எடுத்து வாசிக்கலாம், இன்ன விடயம் இன்ன காலத்துக்குள் என்று கேட்கலாம். 2018 ஒக்டோபர் நெருக்கடியில் கூட்டமைப்பு ரணில் விக்கிரமசிங்கவுக்கு ஆதரவளித்தபோது பதிலுக்கு எழுத்தில் என்ன வாங்கினார்கள் என்பது எங்கள் மேடைகளில் இன்றுவரை முடியாத வாதமாக இருப்பதால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அந்தச் சட்டம் 2022 டிசெம்பரில் சமர்ப்பிக்கப்பட்டு 2024 மார்ச் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் நீண்டகால நிதி வழங்கும் கடப்பாடு இருக்கிறதே தவிர எந்தத் தொகையும் எழுதப்பட்டிருக்கவில்லை. அடுத்த பெரும்பான்மை அரசு நினைத்தால் நீக்கலாம். அதற்கு நாடாளுமன்றத்துக்கு வந்து, விவாதித்து, பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். ஒரு கடிதத்தால் முடியாது.

உண்மையான காவல் கட்டணச் சீட்டுத்தான் என்று நினைக்கிறேன். அக்காவின் இரண்டாவது பிள்ளை 2021 இல் பிறந்தாள். 2022 செப்டெம்பரில் டேகெயாரில் சேர்த்தபோதே ஏப்ரலிலிருந்து கால்வாசி குறைந்திருந்தது. அடுத்த தையில் ஏறக்குறையப் பாதியானது. 2025 தையிலிருந்து ஒன்ராறியோவில் நாளொன்றுக்கு 22 டொலர் உச்சவரம்பு. "மூத்தவனுக்கு அம்மா வந்தா, இவளுக்கு அரசாங்கம் வந்தது" என்று அக்கா சிரித்தார். இப்படி இலட்சக்கணக்கான வீடுகளில் மாதாந்தச் செலவு குறைந்த பிறகு, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவேன் என்று சொல்லி வாக்குக் கேட்பது கடினம். 2025 தேர்தலில் பியர் பொலியேவ்வும்கூட, இருப்பவர்களிடமிருந்து பறிக்கமாட்டோம் என்றே பேசினார்.

குறைகள் இல்லையா? நிறைய. கட்டணம் குறைந்த வேகத்தில் இடங்கள் கூடவில்லை. காத்திருப்போர் பட்டியல்கள் நீண்டன. பராமரிப்பாளர்களின் சம்பளம் குறைவு, அதனால் ஆட்கள் நிலைப்பதில்லை. ஒன்ராறியோவில் சராசரி இன்னும் பத்து டொலருக்கு இறங்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. டேகெயார் பெரும்பாலும் காலையில் திறந்து மாலையோடு பூட்டிவிடும். தொழிற்சாலையில் இரண்டாவது ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் வேலை செய்யும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த மலிவுக் கட்டணத்தால் பயன் கொஞ்சம்தான். அவர்கள் இன்னமும் தெரிந்த ஒரு அன்ரியிடம் கைக்காசு கொடுத்துப் பிள்ளையை விடுகிறார்கள்.

அரசைத் தாங்கிப் பிடித்து இந்தச் சட்டத்தை வாங்கிய கட்சிக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லவேண்டும். 2024 செப்டெம்பரில் சிங் உடன்பாட்டை முறித்தார். 2025 ஏப்ரல் தேர்தலில் அவரது கட்சிக்குக் கிடைத்தது ஏழு ஆசனங்கள், அவரும் தோற்றார். நாடாளுமன்றத்தில் கட்சி அந்தஸ்துக்குத் தேவை பன்னிரண்டு. டேகெயார் காசு குறைந்ததற்கு அக்கா நன்றி சொன்னது லிபரலுக்கு. 2005 இலும் 2022 இலும் பேரம் பேசியவர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

அந்தத் தேர்தலிலும் பெரும்பான்மை யாருக்குமில்லை. மார்க் கார்னியின் லிபரல் 343 இல் 169 ஆசனங்களுடன் வந்தது. நவம்பர் 17 அன்று அவரது முதல் வரவு செலவுத் திட்டம் 170க்கு 168 என்று தப்பியது. சிலர் வாக்களிக்காமல் விட்டதும் பசுமைக் கட்சியின் ஒரே உறுப்பினர் ஆதரித்ததும் காரணம். எங்களுக்கு அது மறுநாள் விடியற்காலை. கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தேத்தண்ணியோடு வந்து "என்ன, இந்த நேரத்தில ஆரின்ர பாராளுமன்றம்?" என்று கேட்டார். சொன்னேன். "அவளின்ர சின்னன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கீட்டாள்தானே, இனி என்ன?" என்றார்.

பக்கத்து வீட்டு மாமிக்கு அந்தக் கிழமைதான் விசா வந்திருந்தது. பிரம்டனில் மகளின் பிள்ளைக்குப் பட்டியலில் பெயர் கொடுத்துப் பதினொரு மாதமாகியும் இடம் கிடைக்கவில்லை. மார்கழியில் போய்விட்டார். கோழிகள் இப்போது எங்கள் வளவில் நிற்கின்றன.